கேரவனில் நெடுந்தூரம்: புதியவர்களுக்கான அறிமுகம்

படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை என எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊர் சுற்றுபவர்கள் பெருகி வருகிறார்கள். அவர்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "எந்த வண்டி நல்ல வண்டி?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து தண்ணீரோ மின்சாரமோ எடுக்காமல், கழிவைக் கொட்டாமல், அந்த வண்டிக்குள் எத்தனை நாள் இருக்க முடியும்? இதற்கு விடை கிடைத்துவிட்டால் எந்த வண்டி, எவ்வளவு பெரியது, எந்தப் பாதை, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத் தெளிவாகிவிடும். அதனால் அந்தக் கேள்வியை மையமாக வைத்தே இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

வண்டி வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேரவன் என்பது எஞ்சின் இல்லாத, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு. மோட்டர்ஹோம் என்பது எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இருப்பது. சரக்கு வேனின் உள்பக்கத்தை மாற்றி அமைத்துப் படுக்கையும் அடுப்பும் பொருத்தினால் அது கேம்பர்வேன். பிக்-அப் லாரியின் பின்தட்டில் பூட்டி இழுக்கும் பெரிய வகை வட அமெரிக்காவில் அதிகம். அதை ஐந்தாம் சக்கரம் என்கிறார்கள். கேரவனின் பெரிய வசதி, தங்குமிடத்தில் வீட்டைக் கழற்றி வைத்துவிட்டு காரில் மட்டும் சுற்றிவரலாம் என்பது. மோட்டர்ஹோமின் வசதி, நிறுத்திய இடத்திலேயே இருக்கையிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய்விடலாம் என்பது. ஒரே இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் தங்குபவர்களுக்குக் கேரவனும், இரண்டொரு நாளில் கிளம்பிக்கொண்டே இருப்பவர்களுக்கு மோட்டர்ஹோமும் பொருந்தும். தனியாகவோ இருவராகவோ போவதென்றால் என் பரிந்துரை கேம்பர்வேன்தான். நகரத்துக்குள் நுழையும், சாதாரண வாகன நிறுத்தத்தில் அடங்கும், மலைப்பாதையில் பயமுறுத்தாது.

இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. 1885இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கடற்படை மருத்துவர், பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலையில் தனக்கென்று ஒரு வீட்டு வண்டியைச் செய்யச் சொல்லி, இரண்டு குதிரைகளைப் பூட்டி, இங்கிலாந்திலிருந்து வடக்கே இன்வர்னஸ் வரை போனார். பிழைப்புக்காக இல்லாமல் ஊர் பார்ப்பதற்காகவே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று அதைச் சொல்வார்கள். 1907இலேயே பிரிட்டனில் கேரவன்காரர்களின் சங்கம் தொடங்கிவிட்டது. 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் வைக்கும் படுக்கை, அலமாரிப் பெட்டியைச் செய்து விற்றபோது, நடுத்தரக் குடும்பங்களுக்கும் இது எட்டியது. நெடுந்தூரத்துக்கு நல்ல சாட்சி வாலி பையம். ஏர்ஸ்ட்ரீம் என்ற அமெரிக்கக் கேரவன் நிறுவனத்தைத் தொடங்கிய இவர், 1959இல் 41 அலுமினியக் கேரவன்கள் கொண்ட அணியைக் கேப் டவுனிலிருந்து கிளப்பி, ஆப்பிரிக்காவின் நெடுக்கே கெய்ரோ வரை நடத்திச் சென்றார். சாலை என்று சொல்ல முடியாத பல இடங்களில் மக்கள் கூடி நின்று வண்டிகளைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

இன்றைய எழுச்சிக்குப் பல காரணங்கள். 2020இல் விடுதிகளும் விமானங்களும் முடங்கியபோது, தன் படுக்கையோடும் தன் கழிவறையோடும் போகும் பயணம் ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது. வட அமெரிக்காவில் மட்டும் 2021இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. அந்த வேகம் நிலைக்கவில்லை. 2023இல் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போதும் 2008 பொருளாதாரச் சரிவின்போதும் இதேபோல் விழுந்து எழுந்த தொழில்தான் இது. ஆனால் நோய்க்காலம் முடிந்த பிறகும் தங்கிவிட்ட மாற்றங்கள் சில உண்டு. மடிக்கணினியில் வேலை பார்ப்பவர்கள் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் பல இடங்களில் தளர்ந்தது. செயற்கைக்கோள் இணையம் ஒரு சிறு தட்டு வடிவில் கூரைக்கு வந்துவிட்டது. லித்தியம் பேட்டரியும் சோலார் பேனலும் மலிவாகிவிட்டன. உடல்நலத்தோடு ஓய்வுபெறும் தலைமுறை பெரிதாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நரைமுடி நாடோடிகள் என்று செல்லமாக அழைக்கப்படும் அவர்கள், குளிர்காலம் வந்ததும் ஆயிரக்கணக்கில் வடக்கே வெயிலைத் தேடிக் கிளம்புகிறார்கள்.

எது முதலில் தீரும்?

சரி, நம் கேள்விக்கு வருவோம். நிறுத்திய வண்டியில் இருவர் வாழ்கிறார்கள் என்று வையுங்கள். நல்ல தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் குறைந்துகொண்டே போகும். கழிவுநீரும் மலக்கழிவும் நிறைந்துகொண்டே வரும். இந்த ஐந்தில் எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுதான் நீங்கள் எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லும். புதியவர்கள் பெரும்பாலும் மின்சாரத்தை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் சாதாரண மோட்டர்ஹோமில் முதலில் நிறைவது கழிவறைப் பெட்டி.

ஐரோப்பிய, ஆஸ்திரேலிய வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது கேசட் கழிவறை. இருக்கைக்குக் கீழே சூட்கேஸ் போலக் கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி. 18, 20 லிட்டர் கொள்ளும். இருவருக்கு இரண்டு, மூன்று நாளில் நிறைந்துவிடும். வெளிப்பக்கக் கதவைத் திறந்து அதை இழுத்து எடுத்து, அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். வட அமெரிக்கப் பெரிய வண்டிகளில் அடியிலேயே தனித் தொட்டி இருக்கும். தடித்த குழாயைப் பொருத்தித் திறந்துவிடுவார்கள். இந்தச் சங்கடத்தைக் குறைக்கவே சிறுநீரையும் மலத்தையும் பிரித்து வாங்கும் கழிவறைகள் இப்போது பரவுகின்றன. சிறுநீரைப் பிரித்துவிட்டால் நாற்றம் வெகுவாகக் குறைகிறது. திடக்கழிவுப் பெட்டி நிறைவதற்குப் பல நாள் ஆகிறது. எந்த வகையானாலும் ஆற்றிலோ புதரிலோ கொட்டுவதை மன்னிக்க முடியாது. பல கடற்கரைகளில், ஏரிக்கரைகளில் இன்று தடைப் பலகை நிற்பதற்கு இப்படிச் செய்த சிலர்தான் காரணம்.

தண்ணீர் அடுத்தது. நடுத்தர மோட்டர்ஹோமில் 100 லிட்டர் தொட்டி வழக்கம். வீட்டில் குளிக்கும் பாணியில் குளித்தால் இருவர் ஒரே நாளில் அதை முடித்துவிடலாம். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசினால் ஐந்து, ஆறு லிட்டரில் ஒரு குளியல் முடியும். பாத்திரத்தைக் கழுவுவதற்கு முன் காகிதத்தால் துடைத்துவிட்டால் இன்னும் மிச்சம். இப்படிப் பழகிய இருவருக்கு 100 லிட்டர் நான்கு நாள் வரும். அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. குளியலும் பாத்திரம் கழுவியதும் வண்டிக்கு அடியில் உள்ள கழிவுநீர்த் தொட்டிக்குப் போகின்றன. அது பெரும்பாலும் நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடச் சற்றுச் சிறியது. எனவே அதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.

எரிவாயு பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். சிலிண்டரில் பியூட்டேன், புரொப்பேன் என்று இரண்டு வகை. பியூட்டேன் கிட்டத்தட்ட உறைநிலைக் குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை வேலை செய்யும். குளிர்ப் பிரதேசம் போகிறவர்கள் புரொப்பேன்தான் எடுக்க வேண்டும். சிலிண்டரின் பூட்டு அமைப்பு நாட்டுக்கு நாடு மாறுவதால், பல எல்லைகளைக் கடப்பவர்கள் எரிவாயுவைக் குறைத்துக்கொண்டு டீசல் ஹீட்டருக்கும் மின்சாரத்துக்கும் மாறுகிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் தரையிலும் கூரையிலும் காற்றுப் போக நிலையான துளைகள் வைத்திருப்பார்கள். குளிருகிறது என்று அவற்றைத் துணியால் அடைக்கவே கூடாது. எரியும் எந்தப் பொருளும் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அந்த வாயுவைக் கண்டுபிடித்து அலறும் கருவி இல்லாத வண்டியில் ஓர் இரவுகூடத் தூங்காதீர்கள்.

மின்சாரக் கணக்கு

மின்சாரத்தைக் கணக்குப் போடத் தெரிந்துகொண்டவர்கள் விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கணக்கு கடினமும் இல்லை. வண்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் 12 வோல்ட். ஒரு பொருளின் வாட் அளவை 12ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்பியர் கிடைக்கும். அதை எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அதால் பெருக்கினால் ஆம்பியர்-மணி. பேட்டரியின் மீதும் இதே அலகுதான் அச்சிடப்பட்டிருக்கும்.

கம்ப்ரசர் வகைக் குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 45 வாட் அளவுக்கு இழுக்கும், ஆனால் விட்டுவிட்டுத்தான் ஓடும். ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடுவதாகக் கொண்டால் 30 ஆம்பியர்-மணி. கடும் வெயிலில் 40ஐத் தாண்டும். எல்இடி விளக்குகள், தண்ணீர் பம்பு, காற்றாடி எல்லாம் சேர்ந்து 15. இரண்டு கைபேசிகளும் சில மணி நேர மடிக்கணினி வேலையும் 25. ஆக, இருவருக்கு நாளொன்றுக்கு 70, 80 ஆம்பியர்-மணி. இப்போது பேட்டரியைப் பாருங்கள். 100 என்று எழுதிய ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். எனவே கையில் இருப்பது 50 மட்டும். அதே 100 என்று எழுதிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80, 90 வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். எடையும் பாதிக்குக் குறைவு. ஒரே ஒரு பலவீனம், உறைநிலைக்குக் கீழே உள்ள குளிரில் அதை சார்ஜ் செய்யக் கூடாது.

செலவானதை நிரப்ப இரண்டு வழி. கூரையில் 200 வாட் பேனல் இருந்து நல்ல வெயிலும் அடித்தால், இழப்புகள் போக நாளொன்றுக்கு 50 ஆம்பியர்-மணி அளவுக்கு வரும். மேகமூட்டமான நாளில், மரநிழலில், குளிர்காலத்தில் அது கால் பங்காகக் கூடச் சுருங்கும். இன்னொரு வழி எஞ்சின். டிசி-டிசி சார்ஜர் என்ற சிறு கருவியைப் பொருத்தினால், வண்டி ஓடும்போது 30 ஆம்பியர் வீதம் வீட்டு பேட்டரிக்குப் போகும். இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60. அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் இடம் மாறுபவருக்கு இரண்டும் சேர்ந்து தாராளமாகப் போதும். ஒரே இடத்தில் ஒரு வாரம் அசையாமல் இருப்பவருக்குப் பேனல் இன்னும் பெரிதாக வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏசியைப் பாருங்கள். கூரை ஏசி 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 12 வோல்ட்டில் அது 80 ஆம்பியருக்கு மேல். நம் இருவரின் முழு நாள் மின்சாரத்தையும் அது ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். அதனால்தான் ஏசி போட்டுத் தூங்க நினைப்பவர்கள் மின் இணைப்புள்ள தங்குமிடத்துக்குப் போகிறார்கள், அல்லது ஜெனரேட்டர் வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், வெயிலை ஏசியால் வெல்வதைவிட இடத்தால் வெல்வது சுலபம். அதே நாளில் ஆயிரம் மீட்டர் உயரமான மலைக்கு ஏறினால் ஆறு டிகிரி குறைந்துவிடும். ஓடும் வீட்டின் பலனே அதுதான்.

எடை

இத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் வசதி வேண்டும் என்று எல்லாவற்றையும் பெரிதாக்கிக்கொண்டே போனால் என்ன? அங்கேதான் எடை குறுக்கே நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பிய கணத்தில் வண்டியில் 100 கிலோ ஏறிவிடுகிறது.

ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமம் நெடுங்காலமாக 3,500 கிலோ வரையுள்ள வண்டிக்குத்தான். அதனால் மோட்டர்ஹோம்களில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் அடங்கும்படி செய்யப்படுகின்றன. காகிதத்தில் நான்கு பேருக்கானது என்று எழுதியிருக்கும் ஒரு வண்டி, ஓட்டுநரும் டீசலும் சேர்ந்து 3,050 கிலோ என்று வையுங்கள். மிச்சம் 450. மற்ற மூவர் 200. மிதிவண்டிகளும் அவற்றை மாட்டும் சட்டமும் 60. வெளிப்பந்தல் 30. கூடுதல் பேட்டரி 25. துணிமணி, படுக்கை விரிப்பு 60. பாத்திரங்கள் 40. சாப்பாட்டுப் பொருட்கள் 30. இதுவரை 445. இன்னும் மடக்கு நாற்காலி, மேசை, கருவிப் பெட்டி, நாய் எதுவும் ஏறவில்லை. அந்த 3,050 கிலோவில் தயாரிப்பாளர் கணக்கில் சேர்த்த தண்ணீர் 20 லிட்டர் மட்டும் என்றால், தொட்டியை நிரப்பியவுடன் சட்ட எல்லையைத் தாண்டிவிட்டோம்.

அபராதம் ஒருபக்கம் இருக்கட்டும். எடை கூடிய வண்டிக்கு பிரேக் பிடித்து நிற்க அதிக தூரம் வேண்டும், டயர் சூடேறி வெடிக்கும், விபத்தானால் காப்பீடு கை விரிக்கலாம். எனவே பயணத்துக்குத் தயாரான நிலையில், ஆட்களும் ஏறிய பிறகு, எடை மேடைக்குப் போய் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட வேண்டும். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடுப்பது நல்லது. மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கும் வண்டிகள் நிறைய.

இழுத்துச் செல்லும் கேரவனில் எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்பதும் சேர்ந்துகொள்கிறது. கனமான பொருட்கள் தரையோடு ஒட்டி, சக்கர அச்சுக்கு மேலே இருக்க வேண்டும். கேரவனைக் காரோடு இணைக்கும் கொக்கியின் மீது கீழ்நோக்கி அழுத்தும் எடை, கேரவன் எடையில் பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் என்றும், கனமான வண்டிகள் ஓடும் அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்றும் பரிந்துரைக்கிறார்கள். பின்பக்கத்தில் பாரத்தை ஏற்றிவிட்டால் கொக்கியின் மீது அழுத்தம் குறைந்து, ஒரு லாரி பக்கத்தில் விரைந்து போனாலே கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடி, கடைசியில் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அப்படி ஆடத் தொடங்கினால் வேகமிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, தானாக வேகம் குறைய விட வேண்டும். பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் நிலைமையை மோசமாக்கும். கேரவனின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் விசை காருக்குள் இருந்தால் அதை மெதுவாகப் பயன்படுத்தலாம்.

ஓட்டமும் ஓய்வும்

உயரமான, தட்டையான முகப்புள்ள வண்டிக்கு எரிபொருளைத் தின்பது காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. மணிக்கு 110 கிலோமீட்டரிலிருந்து 90க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பலநூறு கிலோமீட்டர் போகும்போது இது பெரிய மிச்சம். மின்சாரக் காரில் கேரவன் இழுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; இழுக்கும்போது ஒரு சார்ஜில் போகும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

வண்டியின் உயரத்தை ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கூரை ஏசி, பெட்டி, பேனல் எல்லாம் சேர்த்து அளந்த உயரம். அமெரிக்காவில் வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரமே இருந்த ரயில் பாலம் ஒன்று, எத்தனையோ வாடகை வண்டிகளின் கூரையை உரித்து உலகப் புகழ் பெற்றது. எச்சரிக்கைப் பலகை, மின்னும் விளக்கு எல்லாம் இருந்தும் மோதிக்கொண்டே இருந்தார்கள். 2019இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அப்புறமும் மோதல்கள் நிற்கவில்லை. காரை மட்டுமே ஓட்டிப் பழகியவர்களுக்குத் தலைக்கு மேலே பார்க்கும் பழக்கம் வருவதில்லை.

ஒரு நாளில் எவ்வளவு ஓட்டலாம்? அமெரிக்கப் பயணிகளிடம் மூன்று மூன்றாக ஒரு விதி புழங்குகிறது: 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் 3 மணிக்குள் சேர்ந்துவிடு, ஓரிடத்தில் 3 இரவாவது இரு. 300 மைல் என்பது 480 கிலோமீட்டர். எனக்கு அதுவே அதிகம் என்று தோன்றுகிறது. நெடுந்தூரப் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தூரத்தின் மீதுள்ள பேராசைதான். பிற்பகல் 3 மணி என்பது அருமையான யோசனை. வெளிச்சத்தில் இடத்தைப் பார்த்து, மட்டமான தரையைத் தேர்ந்து, பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் போக நேரம் இருக்கும். இருட்டிய பிறகு சேருபவர்களுக்குக் கிடைத்த இடம்தான் இடம்.

எங்கே நிறுத்தித் தூங்கலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். பொதுவாகப் புரிந்துகொள்ள வேண்டியது, வண்டியை நிறுத்துவதும் முகாமிடுவதும் வேறு வேறு என்பது. அனுமதிக்கப்பட்ட நிறுத்தத்தில் வண்டிக்குள் தூங்குவதைப் பல இடங்களில் பொறுத்துக்கொள்வார்கள். அதே இடத்தில் பந்தலை விரித்து, நாற்காலி போட்டு, வெளியே அடுப்பு மூட்டினால் அது முகாம், அபராதம் வரும். பிரான்சில் மோட்டர்ஹோம்களுக்கென்றே ஊராட்சிகள் நடத்தும் நிறுத்தங்கள் சிற்றூர்களில்கூட உண்டு. தண்ணீர் பிடிக்கவும் கழிவைக் கொட்டவும் அங்கேயே வசதி. ஒரு சிற்றூரின் வியாபாரத்துக்கும் அது நல்லது, பயணிக்கும் நல்லது. நியூசிலாந்து வேறு வழியில் போகிறது. தன் கழிவைத் தானே சுமக்கும் வண்டி என்ற சான்று இருந்தால் பல பொது இடங்களில் இலவசமாகத் தங்கலாம். 2023இல் நிறைவேறிய சட்டம், நிலையாகப் பொருத்தப்பட்ட கழிவறை இருந்தால்தான் அந்தச் சான்று என்கிறது. எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற நம் கேள்வியை அங்கே அரசே கேட்கிறது.

எல்லை கடந்து

ஒரே நாட்டுக்குள் நெடுந்தூரம் போவதற்கு ஆஸ்திரேலியாவைப் போல் வேறிடம் குறைவு. கண்டத்தைச் சுற்றிவரும் முதலாம் நெடுஞ்சாலை சுமார் 14,500 கிலோமீட்டர். அதன் தெற்குப் பகுதியில் நல்லார்பர் சமவெளியைக் கடக்கும்போது 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூட இல்லாத நேர்ச்சாலை வரும். எரிபொருள் கிடைக்கும் இடங்கள் வெகு தூரத்துக்கு ஒன்றுதான். அங்கே இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது பழம், காய்கறி, தேன் போன்றவற்றைச் சோதனைச் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள். பயிர்நோய் பரவாமல் இருக்க இந்த ஏற்பாடு. குளிர்சாதனப் பெட்டியை நிறைத்துக்கொண்டு போனவர்கள் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

நாடு விட்டு நாடு போவதில் வண்டிக்கும் ஒரு கடவுச்சீட்டு வேண்டும். கார்னே என்று அழைக்கப்படும் ஆவணம் அது. வண்டியை இறக்குமதி செய்து விற்றுவிட மாட்டேன், திரும்ப எடுத்துப் போய்விடுவேன் என்பதற்கான உத்தரவாதம். வாகனச் சங்கங்கள் பிணைத்தொகை வாங்கிக்கொண்டு வழங்குகின்றன. ஆப்பிரிக்கா, ஆசியாவின் சில நாடுகள் இதைக் கேட்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் தேவையில்லை. ஆளுக்கான விசா நாட்களும் வண்டிக்கான அனுமதி நாட்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் பல வெளிநாட்டவருக்கு 180 நாளில் 90 நாள்தான் அனுமதி. அவர்களுடைய வண்டியோ வரி கட்டாமல் ஆறு மாதம் இருக்கலாம். இந்த இரண்டு நாட்காட்டிகளையும் சேர்த்துப் பார்த்தே பாதை போட வேண்டும். அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்முனை வரை போகும் பலருடைய கனவுப் பாதையிலும் ஒரு முறிவு உண்டு. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டாரியன் காடு. அந்த நூறு கிலோமீட்டர் அளவுக்குச் சாலையே கிடையாது. வண்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டு ஆட்கள் விமானத்தில் போய்ச் சேருகிறார்கள்.

இப்படி உலகையே சுற்ற மாளிகை போன்ற வண்டி வேண்டும் என்று நினைப்பவர்கள் குன்தர் ஹோல்டார்ஃப் என்ற ஜெர்மானியரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1980களின் இறுதியில் தொடங்கி 2014 வரை, பெரும்பாலும் மனைவியோடு, ஒரே மெர்சிடிஸ் ஜீப்பில் ஏறக்குறைய 9 லட்சம் கிலோமீட்டர் போனார். படுக்கை அந்த ஜீப்பின் பின்பக்கத்திலேயே. வேகம் கூட்டாமல், அடிக்கடி தானே பராமரித்து ஓட்டினார். அந்த வண்டி இப்போது ஸ்டுட்கார்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

முதல் பயணம்

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுங்கள். ஒரே வார இறுதியில் பல விஷயங்கள் தெரிந்துவிடும்: தினமும் இரவு மேசையை மடக்கிப் படுக்கையாக்குவது உங்களுக்குச் சலிக்குமா, நிலையான படுக்கை வேண்டுமா, மழை நாளில் அந்தச் சிறு இடத்துக்குள் உடன் வருபவரோடு பொறுமையாக இருக்க முடிகிறதா. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இரண்டு இரவு போதும். மின் இணைப்பு எடுக்காமல் இருந்து பாருங்கள். தண்ணீர் எப்போது தீர்ந்தது, பேட்டரி காலையில் எவ்வளவு காட்டியது, கழிவறைப் பெட்டி எப்போது நிறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு எந்த விளம்பரப் புத்தகத்தையும்விட உங்களுக்குப் பயன்படும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் எஞ்சினைவிடச் சுவரைக் கவனியுங்கள். இந்த வண்டிகளைச் சாகடிப்பது ஈரம். கூரையும் சுவரும் சேரும் இடம், ஜன்னல் விளிம்பு, கூரைத் திறப்பு ஆகியவற்றின் ஒட்டுப்பசை காய்ந்து விரிசல் விட்டால் மழைநீர் உள்ளே கசிந்து, மரச்சட்டத்தை வருடக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் மக்கவைக்கும். உள்ளே ஏறியதும் பூஞ்சை மணம் வருகிறதா என்று மோந்து பாருங்கள். அலமாரி மூலைகளில், படுக்கைக்கு அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஈரத்தை அளக்கும் சிறு கருவியோடு தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிப்போவது இன்னும் நல்லது. டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். வருடத்தில் பெரும்பகுதி நிறுத்தியே வைக்கப்படுவதால், தடம் புதிதுபோல் இருந்தும் ரப்பர் முதிர்ந்துபோன டயர்கள் இந்த வண்டிகளில் சகஜம். ஆறேழு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள்.

கிளம்பும் காலையில் அவசரம் கூடாது. எரிவாயு மூடியாகிவிட்டதா, கூரைத் திறப்பு இறங்கியிருக்கிறதா, படிக்கட்டு உள்ளே போய்விட்டதா, மின்கம்பி கழற்றியாகிவிட்டதா, அலமாரிகள் பூட்டியிருக்கின்றனவா என்று உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை சுற்றி வந்து பார்க்க வேண்டும். இருவர் போனால் இந்த வேலையை ஒருவரே முழுதாகச் செய்வது நல்லது. பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.